விளக்கு எரிந்தது, குரல் நின்றது

மாலை ஏழு மணி. வீட்டில் மின்சாரம் நின்றுவிடுகிறது. கைத்தொலைபேசியில் மின் நிறைவாக உண்டு. பிள்ளையின் மடிக்கணினியும் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். ஆயினும் அக்கணமே, கணினியில் நடந்துகொண்டிருந்த பாடம் அறுந்துபோகிறது. ஆசிரியரின் முகம் திரையில் உறைந்து நிற்கிறது. "கணினியிலேதான் பற்றரி இருக்கிறதே, பின் ஏன் நின்றது?" என்று பிள்ளை கேட்கிறது. இக்கேள்விக்கு விடை சொல்ல இயலாது விழிக்கும் பெற்றோர் பலர். படித்துப் பட்டம் பெற்று, மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நாமும், இவ்விடையை முழுமையாகக் கற்றுக்கொண்டது ஒரு மாணவியின் சோதனை கெட்டுப்போன பின்னரே என்பதை இன்று வாசகர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

வானொலிக்கு மின்சாரம் தேடிக்கொடுக்கும் வேலை யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. 1990 ஆம் ஆண்டின் பின்னர் குடாநாடு இருளில் மூழ்கியிருந்தது. வானொலிக்கு இடும் உலர்மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. அக்காலத்தில் நாம் சிறுவர். செய்தி நேரம் வந்துவிட்டால் முற்றத்திலே சைக்கிளை நிறுத்தி, பின்சில்லு நிலத்தில் தொடாதபடி தூக்கிவைத்து, மிதியைக் கையாற் சுழற்றுவோம். டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலி பேசும். கை சற்றே ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓய்ந்துவிடும். "கெதியாச் சுத்தடா தம்பி" என்று திண்ணையிலிருந்த பெரியவர்கள் அதட்டுவார்கள். வானலையில் வரும் குரலுக்கும் ஒருவர் உணவளிக்க வேண்டும் என்ற உண்மை எமக்கு அன்றே கைநோவாகக் கிடைத்த பாடம்.

ஆனால் அன்றைய வானொலிக்கும் இன்றைய வலையமைப்புக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று நாம் கேட்டால் மட்டும் போதும். நிலையத்துக்கு வேண்டிய மின்சாரத்தை நிலையத்தார் பார்த்துக்கொள்வர். இன்று நாம் கேட்பதோடு பேசவும் வேண்டியிருக்கிறது. வீட்டிலுள்ள 'ரவுட்டர்' என்னும் சிறுபெட்டி ஓயாது வானலையை அனுப்பியும் ஏற்றும் வருகிறது. ஒளியிழை வடம் வந்துசேரும் வீடுகளில் அதற்கென இன்னொரு பெட்டி உண்டு. வடம் எட்டாத இடங்களிலோ, கூரையின்மேல் ஒரு கம்பத்தில் தட்டைப் பெட்டியொன்று தூரத்திலுள்ள மற்றொரு பெட்டியை நோக்கி நிற்கும். இத்தொழில் செய்வோர் அதனையும் 'றேடியோ' என்றே அழைப்பர். நாம் இங்கே வானலைக் கருவி என்போம். இவற்றுள் எதற்கும் பெரும்பாலும் தன்னுள்ளே பற்றரி கிடையாது. சுவரிலுள்ள மின்சாரம் நின்ற கணத்திலேயே இவையும் நின்றுவிடும். பிள்ளையின் கேள்விக்கு விடை இதுதான்: கணினி விழித்திருக்கிறது; அதற்கு வழிகாட்டும் பெட்டிகள் உறங்கிவிட்டன.

இனி எமது கதைக்கு வருவோம். எமது ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஒளியிழை வடம் வரவில்லை. ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில், பிரதான வீதியோரமாக உள்ள அன்பர் ஒருவரின் வீட்டுக்கு அது வந்திருந்தது. அவர் மனமுவந்து இடங்கொடுக்க, அவ்வீட்டுக் கூரையில் ஒரு வானலைக் கருவியும், நிலையத்தின் கூரையில் அதன் இணையும் பொருத்தப்பட்டன. இடையிலே வயல்வெளி, பார்வைக்குத் தடையில்லை. வீட்டில் இணைய வசதி இல்லாத பிள்ளைகள் நிலையத்துக்கு வந்து படித்தனர்.

2022 ஆம் ஆண்டு பிறந்தது. எரிபொருள் வாங்க நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டு, மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் என்ற அளவை எட்டியது. எமது பழைய மாணவி ஒருத்தி, பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். இணையவழியாக ஒரு சோதனை எழுத வேண்டியிருந்தது. தந்தை கடற்றொழிலாளி, வீட்டில் இணையமில்லை. நிலையத்தில் பழைய கணினியொன்றோடு வந்த யூ.பி.எஸ். பெட்டி இருந்தது. ரவுட்டரின் செருகியை அதில் மாட்டிவிட்டு, "மின்சாரம் நின்றாலும் பயமில்லை, பிள்ளை, நீ எழுது" என்று நாம் உறுதி கூறினோம்.

சோதனை தொடங்கி இருபது நிமிடத்தில் மின்சாரம் நின்றது. ரவுட்டரின் பச்சை விளக்குகள் அசையாது எரிந்தன. ஆனால் இணைப்பு இல்லை. அவள் எம்மை அழைத்துச் சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது: "பெட்டியிலை லைற் எரிஞ்சுகொண்டுதான் இருந்தது, சேர். கதைதான் நிண்டு போச்சு."

நடந்தது யாதெனில், கூரையிலுள்ள வானலைக் கருவிக்கு மின் கொடுக்கும் சிறிய அடப்டர், முகட்டருகே வேறொரு சுவர்ச் செருகியில் மாட்டப்பட்டிருந்தது. அது எமது நினைவிலேயே இல்லை. ரவுட்டர் விழித்திருந்து யாருடன் பேசும்? வெட்கத்தோடு அதனையும் யூ.பி.எஸ். பெட்டியிற் சேர்த்தோம். அடுத்த மின்வெட்டின்போது ஆவலுடன் பார்த்தோம். கூரைக் கருவி எரிந்தது, ரவுட்டர் எரிந்தது, இணைப்பு மட்டும் இல்லை. வயலைக் கடந்து அன்பரின் வீட்டுக்குச் சென்றபோதுதான் புரிந்தது: அங்கேயும் மின்வெட்டு, அங்கிருந்த ஒளியிழைப் பெட்டிக்கும் வானலைக் கருவிக்கும் எவ்வித ஏற்பாடும் இல்லை. தோணிக்காரனை இக்கரையில் விழித்திருக்கச் செய்துவிட்டு அக்கரையில் துறையைப் பூட்டிவிட்டோம். தொடர்பு என்பது சங்கிலி. ஒரு கண்ணி விட்டாலும் முழுதும் விட்டதே. நாம் ஒரு கண்ணியை மட்டும் காத்துவிட்டு முழுதும் காத்ததாக நம்பியிருந்தோம்.

வானலைத் தொடர்புக்குத் தனி மின்சேமிப்பு வேண்டும் என்பதை உலகம் ஒரு பெருந்துயரத்தின் வழியாகவே கற்றது. 1912 ஏப்ரல் 15 ஆம் நாள் அதிகாலை டைட்டானிக் கப்பல் மூழ்கியது. அதன் கம்பியில்லாத் தந்திக்கருவி கப்பலின் மின்பிறப்பாக்கிகளிலிருந்தே முதன்மையாக மின்சாரம் பெற்றது. அவசர வேளைக்கெனச் சேமிப்புக்கலங்களும் இருந்தன. பொறியியலாளர்கள் ஏறக்குறைய இறுதிவரை மின்சாரத்தை நிறுத்தாது காத்தனர். அவர்களுள் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்கள் காத்த மின்சாரத்தில் ஜாக் பிலிப்ஸ், ஹரோல்ட் பிரைட் என்ற இரு இளைஞர் அனுப்பிய அழைப்பைக் கேட்டே கார்ப்பாத்தியா கப்பல் விரைந்து வந்து எழுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை ஏற்றியது. பிலிப்ஸ் மாண்டார், பிரைட் பிழைத்தார். அதே ஆண்டு ஜூலையில் ஐக்கிய அமெரிக்கா தனது கப்பற் சட்டத்தைத் திருத்தி, சட்டத்துக்கு உட்பட்ட கப்பல்களின் தந்திக்கருவிக்குப் பிரதான மின்பொறியைச் சாராத துணை மின்வழங்கல் வேண்டுமென்றும், அது குறைந்தது 4 மணி நேரம், குறைந்தது 100 மைல் தூரத்துக்குச் செய்தி அனுப்பப் போதியதாய் இருக்க வேண்டுமென்றும் விதித்தது. அவ்விதியின் அமைப்பை நோக்குக. 'பற்றரி ஒன்று வைத்துக்கொள்' என்று அது கூறவில்லை. எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம் என்று கணக்குக் கேட்டது. நாமும் அக்கணக்கிலிருந்தே மீண்டும் தொடங்கினோம்.

கணக்கு எளிது, எட்டாம் வகுப்பு மாணவனும் செய்வான். ஒவ்வொரு கருவியும் எத்தனை உவாற்று உண்ணுகிறது என்பதை அளக்க வேண்டும். அடப்டரில் எழுதியிருப்பது உச்ச அளவு. உண்மையிற் செல்வது பெரும்பாலும் அதனிலும் குறைவு. நிலையத்தில் ரவுட்டர் 8 உவாற்று, வானலைக் கருவி 6 உவாற்று; ஆக 14. ஒரு சிறு மின்குமிழின் உணவே இது. 5 மணி நேரம் தாங்க வேண்டுமெனின் 14 ஐ 5 ஆற் பெருக்க, 70 உவாற்று மணி. இடையிலுள்ள மாற்றிகளில் வீணாவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 80.

இனிப் பற்றரியின் குணத்தை அறிதல் வேண்டும். 1859 இல் பிரான்சிய அறிஞர் காஸ்தோன் பிளாந்தே அமைத்த ஈய அமிலச் சேமிப்புக்கலத்தின் வழித்தோன்றல்களே இன்றும் கடைகளில் நாம் வாங்கும் ஈயப் பற்றரிகள். அவற்றை அடிவரை வற்றவிட்டால் விரைவிற் கெடும். பாதியளவு எடுத்து, மீண்டும் நிரப்பினால் நெடுங்காலம் உழைக்கும். ஆகவே 80 வேண்டுமெனின் 160 உவாற்று மணி கொள்ளும் பற்றரி வேண்டும். அதனை 12 உவோற்றால் வகுக்க, 13 அம்பியர் மணிக்குச் சற்று மேல். கடையில் கிடைத்தது 12 உவோற்று, 18 அம்பியர் மணிப் பற்றரி. சிறிது மிச்சத்துக்கும் இடம் வைத்து அதையே வாங்கினோம். பழைய யூ.பி.எஸ். பெட்டியினுள் இருந்ததோ 7 அம்பியர் மணி மட்டுமே.

அப்பெட்டியை நாம் கைவிட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பற்றரியில் இருப்பது நேரோட்டம். யூ.பி.எஸ். பெட்டி அதனை 230 உவோற்று ஆடலோட்டமாக உயர்த்தும். பின் அந்த ஆடலோட்டத்தை அடப்டர் மறுபடியும் 12 உவோற்று நேரோட்டமாகத் தாழ்த்தும். கிணற்றடியில் நிற்கும் வாழைக்கு நீர் பாய்ச்ச, இறைத்த நீரைக் கூரைமேல் ஏற்றிப் பின் கீழே இறக்குவானா எம்மூர்த் தோட்டக்காரன்? இம்மாற்றங்களைச் செய்வதற்கே அத்தகைய பெட்டி பத்துப் பதினைந்து உவாற்றை விழுங்கிவிடலாம். ஆயிரம் உவாற்றுச் சுமைக்கு அது பெரிதன்று. 14 உவாற்றுச் சுமைக்கோ, விருந்தாளி உண்ணும் அளவைச் சமையற்காரனே உண்டுவிட்ட கதையாகும். எனவே நேரோட்டத்தை நேரோட்டமாகவே கொடுப்பது சிக்கனம்.

ஆயினும் பற்றரியை ரவுட்டருடன் நேரே இணைத்துவிடலாகாது. '12 உவோற்றுப் பற்றரி' என்பது பெயரளவே. மின்னேறிக்கொண்டிருக்கும்போது அது 13.5 உவோற்றுக்கும் மேலே நிற்கும். பாதி குறைந்தபின் 12 க்கு அண்மையில் இறங்கும். இவ்வேற்ற இறக்கத்தைச் சில ரவுட்டர்கள் தாங்கும், சில தாங்கா. ஆகையால் இடையே ஒரு சிறு மாற்றியை வைத்து, ரவுட்டருக்கு எப்பொழுதும் நிலையான 12 உவோற்றே செல்லும்படி செய்தோம். 9 உவோற்றும் 5 உவோற்றும் கேட்கும் ரவுட்டர்களும் உள. வீட்டில் முயல்வோர் முதலில் அடப்டரில் எழுதியிருப்பதை வாசிக்கக் கடவர்.

கூரைக் கருவிக்கு வேறு ஏற்பாடு. செய்தி செல்லும் அதே வடத்தின் கம்பிகளிலேயே அதற்கு மின்சாரமும் ஏறுகிறது. வடம் மெல்லியது, நீளமோ முப்பது மீற்றர். 6 உவாற்றை 12 உவோற்றில் அனுப்பினால் அரை அம்பியர் ஓடும். 24 உவோற்றில் அனுப்பினால் கால் அம்பியரே ஓடும். ஓட்டம் பாதியாகும்போது கம்பியில் வெப்பமாக வீணாவது காற்பங்காகிவிடும். எமது கருவியும் 24 உவோற்றுக்கே அமைந்தது. எனவே 12 ஐ 24 ஆக உயர்த்தும் மற்றொரு மாற்றியைச் சேர்த்தோம். 48 உவோற்றளவில் இயங்கும் கருவிகளும் வழக்கில் உள. ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்குக் கொடுத்தால் கருவி எரிந்துபோகலாம். ஐயமிருப்பின் வாங்கிய கடையிற் கேட்பதே அறிவு.

மின்னேற்றியின் கணக்கையும் மறத்தல் கூடாது. மின்சாரம் திரும்பியதும், கருவிகளை இயக்குவது, வற்றிய பற்றரியை நிரப்புவது என்னும் இரண்டையும் அது ஒருங்கே செய்ய வேண்டும். கருவிகள் ஒன்றேகால் அம்பியரை எடுத்துக்கொள்ள, 4 அம்பியர் மின்னேற்றி மீதியைப் பற்றரிக்குக் கொடுக்கிறது. கோயிலில் தூண்டாமணி விளக்கைக் கண்டிருப்பீர்கள். மேலேயுள்ள கிண்ணத்திலிருந்து எண்ணெய் தானே இறங்கி, சுடர் மங்காது காக்கும். எமது ஏற்பாடும் அத்தன்மையதே: மின்சாரம் உள்ளபோது கிண்ணம் நிறைந்தே இருக்கிறது, நின்றபோது ஒரு கணமும் இடையறாது சுடர் தொடர்கிறது.

இந்த அமைப்பையே அன்பரின் வீட்டிலும் செய்தோம். அங்கே ஒளியிழைப் பெட்டி 10 உவாற்று, வானலைக் கருவி 6 உவாற்று. அதே அளவுப் பற்றரி போதுமானதாயிற்று. உயர்தர மாணவர் நால்வர் எம்முடன் நின்று உழைத்தனர். வேலை முடிந்ததும் விளக்கைப் பார்த்து மகிழவில்லை. இரு இடங்களிலும் ஒரே நேரத்தில் பிரதான ஆளியை அணைத்துவிட்டு, கைக்கடிகாரத்தை முன்வைத்துக் காத்திருந்தோம். ஐந்து மணி நேரம் கடந்தும் இணைப்பு நின்றது. அதன் பின்னரே நம்பினோம்.

வீட்டிலே இதைச் செய்ய விரும்புவோருக்குச் சில எச்சரிக்கைகள். பற்றரி 12 உவோற்றுத்தானே என்று அலட்சியம் செய்யலாகாது. அதன் இரு முனைகளும் ஒரு சாவியாலோ கம்பியாலோ தற்செயலாய்த் தொட்டுக்கொண்டால் கம்பி பழுக்கும், தீயும் பற்றலாம். ஆகவே நேர்முனைக்கு மிக அருகிலேயே உருகி ஒன்று இருத்தல் வேண்டும். நேர், மறை முனைகளை மாற்றிக் கொடுத்தால் கருவி கெடும். மின்னேறும் ஈயப் பற்றரியில் ஐதரசன் வாயு வெளிவரக்கூடும். எனவே காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும், அலுமாரிக்குள் பூட்டி வைக்கலாகாது. வெப்பம் பற்றரிக்குப் பகை. தகரக் கூரையின் கீழ் வைத்தால் அதன் ஆயுள் பெரிதும் குறையும். 12 உவோற்றுக்கு அண்மையில் இறங்கியதும் தானே துண்டிக்கும் சிறு கருவியொன்றும் வேண்டும். இல்லையேல் நீண்ட மின்வெட்டொன்றில் பற்றரி முற்றாக வற்றிக் கெடும். லித்தியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி எடை குறைந்தது, கொள்ளளவில் பெரும்பகுதியையும் பயன்படுத்தலாம்; ஆனால் விலை கூடியது, அதற்கேற்ற மின்னேற்றியும் வேண்டும். இவ்வளவும் தொல்லை என எண்ணுவோருக்கு, ரவுட்டருக்கென்றே அமைந்த சிறிய யூ.பி.எஸ். பெட்டிகளும் இன்று கடைகளில் உண்டு. அவற்றை வாங்குமுன்னும் உவாற்றையும் மணியையும் பெருக்கிப் பார்த்தே வாங்குக.

எமது ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கமாட்டோம். அன்பரின் வீட்டுக்கு அப்பால் உள்ள கண்ணிகள் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கையில் உள்ளன. அவர்களின் கோபுரங்களிலும் நிலையங்களிலும் பற்றரிகளும் மின்பிறப்பாக்கிகளும் உண்டு. அவையும் வற்றும், அவற்றுக்கும் டீசல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது பல மாவட்டங்களில் மின்சாரமும் தொடர்பும் ஒருங்கே அறுந்தன. அத்தகைய வேளையில் வெள்ளம் பற்றிய அறிவிப்பைக் கேட்க, உலர்மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்று வீட்டில் இருத்தல் நன்று. டைனமோ சுற்றிய தலைமுறை சொல்லும் சொல் இது.

ஆயினும் எம் கைக்கு உட்பட்ட கண்ணிகளைக் காப்பது எமது கடன். 2025 பெப்ரவரி 9 ஆம் நாளை வாசகர் மறந்திருக்கமாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. மீண்டும் வழமைக்கு வர மாலையாயிற்று. அன்று எமது சனசமூக நிலையம் பிற்பகல் வரை உலகோடு பேசிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிலர் படித்தனர். மூதாட்டி ஒருவர் கனடாவிலுள்ள மகனோடு பேச வந்தார். கொழும்பில் சத்திரசிகிச்சைக்குச் சென்றிருந்த ஒருவரின் நலத்தை அவர் மனைவி அறிந்துகொண்டு கண்களைத் துடைத்தபடி வீடு சென்றார். இவ்வளவுக்கும் செலவானது ஒரு மின்குமிழுக்கு வேண்டிய மின்சாரம்.

அந்த மாணவியின் சோதனை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதனை மறுமுறை எழுதியே அவள் தேற வேண்டியிருந்தது. ஒரு வருடம் மனச்சுமையோடு கழிந்தது. அவள் எம்மை ஒருபோதும் நொந்துகொண்டதில்லை. இப்பொழுது விடுமுறையில் ஊருக்கு வந்தால் முதலில் நிலையத்துக்குச் சென்று பற்றரியின் உவோற்றளவைப் பார்த்துக் கொப்பியில் குறித்துவைப்பவள் அவளே.

வாசக அன்பர்களே, இன்று மாலை உங்கள் வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பிரதான ஆளியை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு, எந்தப் பெட்டி நிற்கிறது, எது விழித்திருக்கிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை உவாற்று என்று அவர்களே எழுதிக் கூட்டட்டும். வேண்டிய பற்றரியின் அளவு அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.